பாரமற்ற துப்பாக்கி

படைக்கலத்தைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு, வியப்போரும் உண்டு. எதிரே நிற்பவன் அஞ்சுகிறான், கையில் ஏந்தியவன் வியக்கிறான். இவ்விரு உணர்ச்சியையும் ஒருவருக்கே ஒரே வேளையில் ஊட்டும் புதுமை இந்நாளில் தோன்றியுள்ளது. அதுவே மெய்நிகர் உலக விளையாட்டு. கண்களை மூடும் ஹெட்செட் ஒன்றை அணிந்து, இரு கைகளிலும் கண்ட்ரோலர்களைப் பற்றிக்கொண்டால், பாழடைந்த உலகொன்றில் நாம் நிற்கிறோம். கையில் துப்பாக்கி; எதிரே பேயுருக்கள். இத்தகைய விளையாட்டு ஒன்றில் வரும் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, அவை எவ்வளவு தூரம் உண்மை, எங்கே அந்த உண்மை நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எஸ்தோனிய நாட்டைச் சேர்ந்த சி.எம். கேம்ஸ் நிறுவனம் 2020இல் முழுமையாக வெளியிட்ட 'இன்டு தி ரேடியஸ்' என்பதே அவ்விளையாட்டு. கதை கற்பனை. சோவியத் நாட்டில் பெச்சோர்ஸ்க் என்னும் ஊரில் 1987இல் இயற்கை விதிகளுக்கு மாறான பேரிடர் நேர்கிறது. ஊர் அழிந்து, கரிய நிழலுருக்கள் உலாவும் வட்டமாகிவிடுகிறது. அவ்வட்டத்துள் தன்னந்தனியே செல்பவரே ஆட்டக்காரர். களம் சோவியத் மண்ணாதலின், அங்கே கிடைக்கும் படைக்கலங்களுள் பல சோவியத் நாட்டவை. மோசின் துப்பாக்கி, மக்காரொவ் கைத்துப்பாக்கி, பி.பி.எஸ்.எச்.-41, ஏ.கே.எம். ஆகிய நான்கை மட்டும் இங்கே பார்ப்போம்.

இந்நான்கையும் ஒரு கேள்வியால் வகைப்படுத்தலாம். ஒரு குண்டு வெளியேறியபின் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

மோசின் துப்பாக்கி 1891ஆம் ஆண்டில் ருசியப் படையில் சேர்க்கப்பட்டது. அது கொள்வது ஐந்து தோட்டாக்கள். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் போல்ட் என்னும் தாழ்ப்பாளைக் கையால் திருப்பி, பின்னுக்கு இழுத்து, மீண்டும் முன்னுக்குத் தள்ளிப் பூட்ட வேண்டும். ஆகவே இங்கே ஆற்றலைத் தருவது மனிதனின் கை.

1951இல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட மக்காரொவ் கைத்துப்பாக்கியில் எட்டுத் தோட்டாக்கள் உண்டு. வெடிமருந்து எரிந்து எழும் வாயு குண்டை முன்னே தள்ளும்போதே, வெறுங்கூட்டைப் பின்னேயும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலே ஸ்லைடு எனப்படும் மேற்பகுதியைப் பின்னுக்குச் செலுத்துகிறது. ஸ்லைடின் நிறையும் சுருள்வில்லும் அதைத் தடுத்து நிற்பதால், குண்டு குழலை விட்டு நீங்கும்வரை அது மிகச் சிறிதளவே நகர்கிறது. பின் சுருள்வில் ஸ்லைடை முன்னே தள்ள, அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற பி.பி.எஸ்.எச்.-41உம் இதே முறையைச் சேர்ந்ததே. ஆனால் அதன் போல்ட் பின்னே காத்து நிற்கும். சுடுவிசையை இழுத்ததும் முன்னே பாய்ந்து, தோட்டாவை ஏற்றி, அக்கணமே வெடிக்கச் செய்யும். இதன் வட்டமான தோட்டாப் பெட்டி 71 தோட்டாக்களைக் கொள்வது. நிமிடத்துக்கு 900 என்ற கணக்கில் சுட்டால், பெட்டி முழுவதும் ஐந்து விநாடிக்குள் தீர்ந்துபோகும்.

ஏ.கே.எம். 1959இல் வந்தது. மிக்கைல் கலாஷ்னிக்கொவ் 1940களில் வடிவமைத்த ஏ.கே. துப்பாக்கியின் திருத்திய வடிவம் இது. இதன் குழலில் சிறு துளை ஒன்று உண்டு. குண்டு அத்துளையைக் கடந்ததும், பின்னே வரும் வாயுவின் ஒரு பகுதி துளை வழியே மேலேறிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் போல்டைத் திறந்து பின்னுக்குக் கொண்டுபோகிறது. நீராவி இயந்திரத்தைப் பாடத்தில் படித்தவருக்கு இது புதிதன்று. வாயுவின் அழுத்தம் வேலை செய்கிறது, அவ்வளவே.

இனி விளையாட்டுக்கு வருவோம். திரையில் ஆடும் பழைய விளையாட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி தானே நிரம்பிவிடும். இங்கே அவ்வாறில்லை. தோட்டாப் பெட்டியைக் கையால் கழற்ற வேண்டும். ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து அதனுள் திணிக்க வேண்டும். பெட்டியைப் பொருத்தியபின் ஸ்லைடையோ போல்டையோ இழுத்துவிட வேண்டும். இழுக்க மறந்தால் சுடுவிசை வீணே அசையும். எஞ்சியவை எத்தனை என்னும் எண் திரையோரத்தில் தோன்றாது. பெட்டியைக் கழற்றிக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். சுடச்சுடத் துப்பாக்கியில் அழுக்கேறும். துலக்கி எண்ணெயிடாமல் விட்டால், வேண்டிய வேளையில் அது சிக்கிக்கொள்ளும்.

இவ்விளையாட்டின் அச்சத்துக்கு மூலகாரணமும் இதுவே என்பேன். ஒரு தோட்டாவைத் திணிக்க இரண்டு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 71 தோட்டாக்களுக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேலாகிறது. இரண்டு நிமிட உழைப்பை ஐந்து விநாடியில் இழக்கலாம். பேயுரு நெருங்கி வருகையில் நடுங்கும் விரலால் எட்டுத் தோட்டாக்களை ஏற்றுவதே போதும். பேயின் தோற்றம் சில நாளில் பழகிப்போகும். கையில் உள்ள தோட்டா குறைகிறது என்னும் கவலை பழகுவதில்லை. துப்பாக்கியின் உட்பொறி உண்மையாய் இருப்பதனாலேயே இக்கவலையும் உண்மையாகிறது. இயக்கவியல் பாடத்தைப் படிப்பதைவிட நன்றாக, அப்பொறியின் ஒழுங்கை இங்கே கை கற்றுக்கொள்கிறது. இது பாராட்டத்தக்கதே.

ஆனால் துப்பாக்கி என்பது நடுவில் உள்ள பொறி மட்டுமன்று. அதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை சுடுபவனின் தோளில் முடிகிறது. மறுமுனை குண்டு பாயும் இடத்தில் முடிகிறது.

முதலில் தோள்முனையைக் காண்போம். கண்ட்ரோலர் ஒன்றின் நிறை 200 கிராமுக்கும் குறைவு. நிரப்பிய தோட்டாப் பெட்டியோடு கூடிய ஏ.கே.எம். ஏறத்தாழ 4 கிலோகிராம். அதன் குண்டின் நிறை ஏறத்தாழ 8 கிராம். வேகம் விநாடிக்கு 715 மீட்டர். இவ்விரண்டையும் பெருக்கினால் குண்டின் உந்தம் 5.7 கிலோகிராம் மீட்டர்/விநாடி என்று வரும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே உந்தம் துப்பாக்கிக்கும் பின்னோக்கிக் கிடைத்தாக வேண்டும். 4 கிலோகிராமால் வகுத்தால், துப்பாக்கி விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் தோளை உதைக்கிறது. வெடிமருந்தின் வாயுவும் முன்னோக்கிப் பாய்வதால் உண்மையான உதைப்பு இதைவிடக் கூடுதலே. விளையாட்டில் இந்த உதைப்பு எங்கே? கண்ட்ரோலருக்குள் உள்ள சிறு அதிர்வுக்கருவி மெல்ல முனகுகிறது. கண்ணுக்கு முன் குழல் மேலெழும்புகிறது. தோளில் ஒன்றும் விழுவதில்லை. காற்றில் தொங்கும் கைகளுக்கு எதிர்விசை தரத் தரையோடு பிணைந்த கருவி ஏதேனும் வேண்டும். அது அங்கே இல்லை. நியூட்டன் இங்கே விடுப்பில் இருக்கிறார் எனலாம்.

இனி மறுமுனை. உந்தம் இருபுறமும் சமம் என்றோம். ஆற்றல் அப்படியன்று. உந்தம் சமமாயிருக்கையில், இயக்க ஆற்றல் நிறைக்கு எதிர்விகிதத்தில் பிரிகிறது. துப்பாக்கியின் நிறை குண்டின் நிறையைப்போல் 500 மடங்கு. எனவே குண்டு பெறும் ஆற்றல் துப்பாக்கி பெறுவதைப்போல் 500 மடங்காகிறது. கணக்கிட்டால், தோளுக்கு வருவது ஏறத்தாழ 4 ஜூல்; குண்டோடு செல்வது ஏறத்தாழ 2000 ஜூல். 4 ஜூல் என்பது அந்தத் துப்பாக்கியையே பத்து சென்டிமீட்டர் தூக்கும் வேலை. 2000 ஜூல் என்பது 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மனிதனை நான்கு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை. அத்தனையும் கட்டைவிரலைவிட மெல்லிய ஓர் இடத்தில் இறங்குகிறது.

இந்தச் சமமின்மையே துப்பாக்கியின் இரகசியம். சுடுபவனுக்கு ஒரு பங்கு, சுடப்படுபவனுக்கு ஐந்நூறு பங்கு. கத்தியோ கதையோ ஏந்தியவன் தான் செய்ததன் பளுவைத் தன் தசையில் உணர்ந்தான். துப்பாக்கி அந்தப் பளுவை ஐந்நூற்றில் ஒன்றாய்க் குறைத்தது. மெய்நிகர் துப்பாக்கியோ எஞ்சிய அந்த ஒன்றையும் நீக்கிவிட்டது. மறுமுனையில் இருந்த உடலையும் நீக்கிவிட்டது. ஏனெனில் அங்கே குண்டு பாய்வது நிழலுருவின்மேல். அது குருதி சிந்துவதில்லை, சிதைந்து மறைந்துபோகிறது. அழுவதற்குத் தாயும் இல்லை, அடக்கம் செய்ய உடலும் இல்லை.

இதனால் இவ்விளையாட்டைத் தீயதென்று விலக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. நிழலை எதிரியாக்கியவர்கள் மனிதனை எதிரியாக்கியவர்களைவிட நல்லவர்களே. நான் கூற விழைவது வேறு. பொறியை நன்கு அறிந்துவிட்டால் துப்பாக்கியை அறிந்துவிட்டோம் என்று எண்ணிவிடுவது எளிது. பொறியியலும் இயற்பியலும் பயிலும் நம்போன்றோர்க்கு அது இன்னும் எளிது. பிஸ்டனின் அழகு நம் கண்ணை நிறைத்துவிடும். குழலின் வாய்க்கு அப்பால் பார்க்க மறந்துபோவோம்.

கலாஷ்னிக்கொவ் அவர்களே இதற்குச் சான்று. பிஸ்டனையும் போல்டையும் அவரைவிட நன்கறிந்தவர் யார்? 2013 டிசம்பரில், தம் 94ஆம் வயதில், அவர் மறைந்தார். ருசியத் திருச்சபைத் தலைவருக்கு அவர் விடுத்திருந்த கடிதம் ஒன்று 2014 ஜனவரியில் வெளியாயிற்று. தம் துப்பாக்கி மனித உயிர்களைப் பறித்ததென்றால், அச்சாவுகளுக்குத் தாமும் பொறுப்பாளியோ என்னும் வேதனையை அதில் அவர் எழுதியிருந்தார். தாய்நாட்டைக் காக்கவே அதைச் செய்தேன் என்று வாழ்நாளெல்லாம் கூறிவந்தவர் அவர். அப்படிப்பட்டவரையும் அந்த மறுமுனை முதுமையில் வந்து தொட்டது.

ஆதலின் தோழர்களே, விளையாடுவோர் விளையாடுங்கள். தோட்டாவை ஏற்றும்போது சுருள்வில்லையும் வாயுவையும் எண்ணிப் பாருங்கள். கற்பதற்கு அதில் நிறைய உண்டு. ஆனால் கையில் இருப்பது 200 கிராம் என்பதையும், அது குறிக்கும் பொருள் 4 கிலோகிராம் என்பதையும், அதன் வாயிலிருந்து புறப்படுவது 2000 ஜூல் என்பதையும் சேர்த்தே எண்ணுங்கள். சமன்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி நிறுத்துவது அறிவியல் மாணவனுக்கு அழகன்று.