வான்வழிப் பாதுகாப்பு: மூன்று மோதல்கள் கற்பித்த பாடங்கள்

வானம் எல்லையற்றது. எனினும், அதில் விமானங்கள் செல்லும் வழிகள் குறுகியவை. நிலையங்களை இணைக்கும் வழித்தடங்களிலும், நிலையங்களை நெருங்கும் பகுதிகளிலுமே விமானங்கள் குவிகின்றன. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு விமானங்கள் ஒன்றையொன்று விநாடிக்கு 500 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. 5 கிலோமீட்டர் இடைவெளி பத்தே விநாடிகளில் மறைந்துவிடும். மனிதக் கண்ணை மட்டும் நம்பி இத்தகைய ஆபத்தைத் தவிர்க்க இயலாது. இவ்வுண்மையை உலகம் பெரும் உயிரிழப்புக்குப் பின்னரே உணர்ந்தது.

கண்ணை நம்பிய காலம்

1956ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல், சுமார் 21,000 அடி உயரத்தில் இரு பயணி விமானங்கள் மோதின. இரண்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து புறப்பட்டவை. 128 பேர் மாண்டனர். அவ்விடம் கட்டுப்பாட்டு நிலையங்களின் கண்காணிப்புக்கு வெளியே இருந்தது. பிற விமானங்களைப் பார்த்து விலகிச் செல்வது விமானிகளின் பொறுப்பாகவே விடப்பட்டிருந்தது. இவ்விபத்துக்குப் பின் எழுந்த மக்கள் கவலையின் விளைவாக, 1958இல் அந்நாட்டில் வான்வழிப் போக்குவரத்து முழுவதையும் ஒழுங்குபடுத்தத் தனி மத்திய அமைப்பு சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது.

சர்க்கி தாத்ரி

உலகில் நிகழ்ந்த வான் மோதல்களிலேயே மிகுந்த உயிர்களைப் பலிகொண்டது நம் நாட்டில் நேர்ந்ததாகும். 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானமும், தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானமும் ஹரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரிக்கு அருகே மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

சவூதி விமானம் 14,000 அடியிலும், கஜக் விமானம் 15,000 அடியிலும் பறக்குமாறு பணிக்கப்பட்டிருந்தன. எதிரே வேறொரு விமானம் 14,000 அடியில் வருவதையும் கட்டுப்பாட்டு அதிகாரி கஜக் விமானத்திற்குத் தெரிவித்திருந்தார். ஆயினும் அவ்விமானம் தனக்குரிய உயரத்திற்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் என நீதிபதி லஹோட்டி தலைமையிலான விசாரணைக் குழு முடிவு கூறியது.

உடனடிக் காரணம் இதுவே எனினும், அதன் பின்னணியையும் நோக்குதல் வேண்டும். வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடம் பயன்பட்டது. தில்லியில் அப்போது பயன்பாட்டில் இருந்த ராடார் விமானத்தின் இருப்பிடத்தைக் காட்டியதேயன்றி, உயரத்தைக் காட்டவில்லை. கஜக் விமானத்தில் தரையுடன் ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பு ரேடியோ இயக்குநருடையது. அவர் வாயிலாகவே கட்டளைகள் விமானியை எட்டின. இக்குறைகளுள் எதுவும் தனித்து விபத்தை விளைவித்திராது. ஒருவர் செய்த பிழையைத் தடுக்க வேறு காப்பு இல்லாமற் போனதே பேரிழப்புக்கு வழிவகுத்தது.

இதன் பின்னர், வரும் விமானங்களுக்கும் புறப்படும் விமானங்களுக்கும் தனித்தனி வழித்தடங்கள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் அறிவிக்கும் ராடார் முறை பயன்பாட்டுக்கு வந்தது. இந்திய வான்வெளியில் பறக்கும் பெரிய பயணி விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் வேண்டிய மொழித்திறன் பற்றிய சர்வதேச விதிகளும் பின்னாளில் வலுப்படுத்தப்பட்டன.

கருவியும் கட்டளையும்

மோதல் தவிர்ப்புக் கருவி, அருகிலுள்ள விமானங்களுக்கு ரேடியோ அலைகளால் வினா விடுத்து, வரும் விடையிலிருந்து அவற்றின் தொலைவையும் உயரத்தையும் கணக்கிடுகிறது. ஆபத்து நெருங்கினால் முதலில் எச்சரிக்கிறது. பின்னர் மேலே ஏறவோ கீழே இறங்கவோ கட்டளையிடுகிறது. இரு விமானங்களிலும் இக்கருவி இருப்பின், ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் பணிக்கும் வகையில் அவை தமக்குள் இசைந்து செயற்படுகின்றன.

எனினும், கருவி மட்டும் போதாது என்பதை 2002ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இரவு ஜெர்மனியின் உபர்லிங்கன் அருகே நேர்ந்த மோதல் உணர்த்தியது. கருவி ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது. தரையிலிருந்த அதிகாரியோ இறங்கச் சொன்னார். விமானிகள் அதிகாரியின் சொல்லைப் பின்பற்றினர். எதிரே வந்த சரக்கு விமானம் தன் கருவியின் கட்டளைப்படி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக் குழந்தைகள் பலர் உட்பட 71 பேர் உயிரிழந்தனர். அவ்வேளையில் ஒரே அதிகாரி இரண்டு பணியிடங்களைக் கவனித்து வந்தார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இரண்டு கட்டளைகள் முரண்படின் கருவியின் கட்டளைக்கே பணிய வேண்டும் என்னும் விதி இதன் பின்னர் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாக்கப்பட்டது.

நிர்வாகத்திற்குரிய பாடம்

விபத்துக்குப் பொறுப்பானவரைக் கண்டறிவதோடு விசாரணை முடிவதில்லை. அவருடைய பிழையைத் தடுக்கத் தவறிய ஏற்பாடுகள் எவை என்பதையும் அது ஆராய வேண்டும். நல்ல கருவி, தெளிவான விதி, போதிய பணியாளர், பொதுவான மொழி ஆகிய நான்கும் சேர்ந்தே வான்பயணத்தைக் காக்கின்றன. இவற்றுள் ஒன்று குறைவுபடும்போது, அதனை விபத்துக்கு முன்பே அறிந்து நிறைவு செய்வது நிர்வாகத்தின் கடமையாகும்.