இணைந்த மீன்தொட்டிகளும் வளைகுழாயில் தேங்கும் காற்றும்

கொசுப்புழுக்களை உண்ணும் கப்பி மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் பெருக்குவோர் தாய்மீன்களையும் குஞ்சுகளையும் பிரித்து வைப்பது வழக்கம்; சேர்த்து விட்டால் பெரியவை குஞ்சுகளைத் தின்றுவிடும். ஆயினும் இரண்டிற்கும் நீர் பொதுவாயிருப்பது நன்று. நீர் மிகுந்திருப்பின் அதன் வெப்பமும் கழிவுச் செறிவும் விரைவில் மாறுவதில்லை. (நோயுற்ற மீன் உள்ள தொட்டியை மட்டும் இணைக்கலாகாது, நோயும் நீரோடு செல்லும்.)

தொட்டியைத் துளைக்காமல் இணைக்க ஏற்றது, சைபன் எனப்படும் கவிழ்ந்த வளைகுழாய். குழாயை நீரில் முழுதும் அமிழ்த்திக் காற்றை வெளியேற்றி, இரு வாய்களையும் விரலால் அடைத்துத் தொட்டிக்கு ஒன்றாக இறக்கி, நீருக்குள்ளேயே விரலை எடுக்க வேண்டும். வாய்களில் வலைத்துணி கட்டினால் குஞ்சுகள் கடவா. இதன்பின் சிறிய பம்பு ஒன்று இரண்டாம் தொட்டியின் நீரை முதல் தொட்டிக்கு ஏற்றும். அந்நீர் வளைகுழாய் வழியே திரும்பி வரும். மின்சாரம் நின்றாலும் தீங்கில்லை. இரு மட்டங்களும் சமமாகி நிற்கும்.

தீங்கு வருவது குழாயின் உச்சியிலிருந்தே. கடல்மட்டத்தில் வாயுமண்டல அழுத்தம் 10 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர்த்தூணைத் தாங்குவது. எனவே நீர்மட்டத்திற்கு 30 சென்டிமீட்டர் மேலுள்ள உச்சியில் அழுத்தம் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால், நீரில் கரைந்து நிற்கக்கூடிய வாயுவும் அவ்விகிதத்திலேயே குறையும் என்பது 1803இல் வில்லியம் ஹென்றி வெளியிட்ட விதி. ஆகவே வாயு நிறைந்த நீர் உச்சியை அடையும்போது குமிழிகளை விடலாம். பகலில் நீர் சூடேறினாலும், காற்றுக்கல்லின் குமிழிகள் குழாய்வாயில் புகுந்தாலும் இது விரைவுபடும். குமிழிகள் திரண்டு நீர்த்தொடரை அறுத்துவிட்டால் சைபன் ஓசையின்றி நின்றுவிடும். பம்போ நிற்பதில்லை. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் நிமிடத்திற்கு 2 லிட்டர் ஏறினால், 5 சென்டிமீட்டர் வெற்றிடம் ஐந்து நிமிடத்திற்குள் நிரம்பித் தரையில் வழியும். மறு தொட்டி வற்றத் தொடங்கும். இரவில் இதைக் காண்பார் எவர்?

இதைத் தடுக்க அகன்ற குழாய் போதும் என்று கருதுவது தவறு. அகலம் மிகுந்தால் ஓட்டம் மெதுவாகி, குமிழிகள் அடித்துச் செல்லப்படாமல் உச்சியிலேயே தங்கும். உச்சி தாழ்ந்தும், குழாய் கண்ணாடிபோல் தெளிந்தும், வாய்கள் 10 சென்டிமீட்டர் ஆழத்திலும் இருத்தல் வேண்டும். உச்சியில் மெல்லிய ரப்பர் குழாயைப் பொருத்திக் கவ்வியால் இறுக்கி வைக்கலாம். ஆனால் கவ்வியைத் திறந்தால் காற்று வெளியேறாது. அங்கே அழுத்தம் குறைவாதலால் வெளிக்காற்றே உட்புகும். முதலில் சிரிஞ்சைச் செருகி, பிறகே கவ்வியைத் தளர்த்திக் காற்றை இழுத்து, இறுக்கிய பின் சிரிஞ்சை எடுக்க வேண்டும்.

பம்பின் உறிஞ்சு வாயை நீர்மட்டத்திற்கு 4 சென்டிமீட்டர் மட்டுமே கீழே வைப்பது மற்றொரு காப்பு. தொட்டிகள் ஒரே அளவினவாயின், சைபன் அறுந்தாலும் முதல் தொட்டியில் 4 சென்டிமீட்டருக்கு மேல் நீர் ஏறாது. பம்பு வெறுமே ஓடிச் சூடேறுமாதலால் கண்டவுடன் நிறுத்த வேண்டும்.

பள்ளிகளில் மாணவர்கள் நாள்தோறும் இரு தொட்டிகளின் நீர்மட்டத்தையும் கண்ணாடி மீது மெழுகுப் பென்சிலால் குறிக்கலாம். பம்பு ஓடுகையில் முதல் தொட்டியின் மட்டம் எப்போதும் சிறிது உயர்ந்தே நிற்கும். அவ்வுயர்வு நாளுக்கு நாள் பெருகினால் உச்சியில் காற்று வழியை அடைக்கிறது, அல்லது வலைத்துணியில் அழுக்கு ஏறியுள்ளது. முதலில் பார்க்க வேண்டியது உச்சியை.