நாட்பட்ட வைரசு நோயும் மாணவர் அறிவும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றையே யான் எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யான் தமிழாசிரியன், மருத்துவம் பயின்றவன் அல்லேன். ஆயினும், வகுப்பறையிற் கண்ட ஒரு துன்பமும், அதன் காரணத்தைப் பின்னர் அறிந்தபோது என்னுள் எழுந்த நாணமும் இப்பொருளை எழுதுமாறு தூண்டின. இதன்கண் வரும் மருத்துவச் செய்திகளை எனக்கு விளக்கியவர் நம் பழைய மாணவருள் ஒருவராகிய மருத்துவர். அவற்றை மாணவரும் உணரும் வண்ணம் எடுத்துரைத்தலே என் பணி.

ஒரு மாணவன்

முன்னர் யான் கற்பித்த வேறொரு பாடசாலையில், ஏழாம் வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். சொல்வதெழுதலில் அவனுக்குப் பிழை வருவது அரிது. கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். செய்யுளை இருமுறை கேட்டால் மூன்றாம் முறை ஒப்புவிப்பான்.

இரண்டாந் தவணையில் அவன் மாறத் தொடங்கினான். எழுத்துக்கள் கோட்டை விட்டு விலகின. மெய்யெழுத்துக்களின் புள்ளிகள் விடுபட்டன. முன்பு பாடமாயிருந்த செய்யுளின் இரண்டாம் அடியில் நின்றுவிடுவான். வினாவினால் நெடுநேரங் கழித்தே விடை வரும். சில வேளைகளிற் காரணமின்றிச் சிரிப்பான். பேனை கையிலிருந்து நழுவி விழும். யான் அதனை விளையாட்டுப் புத்தி என்று கொண்டேன். வகுப்பின்முன் நிறுத்தினேன், கடிந்து பேசினேன், அவன் கொப்பியை மற்றவர்க்குக் காட்டி இகழ்ந்தேன். தாயாரை அழைப்பித்தபோது அவர், “சேர், வீட்டிலும் இப்படித்தான். சோற்றுக் கோப்பை கையாலே விழுகுது. ஏனென்று கேட்டால் தெரியாது அம்மா என்கிறான்” என்றார். மகனுக்குப் பரிந்து பேசுகிறார் என்று எண்ணி அச்சொல்லையும் யான் பொருட்படுத்தவில்லை.

மூன்றாந் தவணையில் அவனுடல் திடீர் திடீரென வெட்டி இழுக்கலாயிற்று. மருத்துவர் நோயை இனங்கண்டனர். அவன் எட்டு மாதக் குழந்தையாயிருந்தபோது சின்னமுத்து வந்து மாறியிருந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக மூளையில் ஒளிந்திருந்த அந்நோயின் வைரசே அவன் அறிவைச் சிறிது சிறிதாக அரித்தது. ஈராண்டுக்குள் அவன் இறந்தான். யான் இகழ்ந்த கையெழுத்து, நோய் எழுதிய கையெழுத்து.

வைரசின் இயல்பு

வைரசு என்பது தனித்து வாழும் ஆற்றலற்றது. சிறிதளவு மரபுப்பொருளும் அதனைச் சூழ்ந்த புரத உறையுமே அதன் உடல். உயிருள்ள கலமொன்றினுட் புகுந்து, அக்கலத்தின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. தடிமன் போன்ற நோய்களில் நம் உடலின் நிர்ப்பீடனம் சில நாட்களில் வைரசை வென்று வெளியேற்றிவிடும். சில வைரசுகளோ அங்ஙனம் நீங்குவதில்லை. அவை ஆண்டுக்கணக்காக உடலிற் தங்குகின்றன. இவற்றால் வருவனவே நாட்பட்ட வைரசு நோய்கள்.

அவ்வாறு தங்கும் வைரசு அறிவைப் பாதிக்கும் வழிகளைப் பொதுவாக மூன்றாக வகுக்கலாம். ஒன்று, நரம்புக் கலங்களையே பற்றி அழித்தல். மற்றொன்று, மூளையிலுள்ள பிற கலங்களிற் தங்கி அழற்சியை மூட்டுதல். பிறிதொன்று, ஈரல் முதலாய உறுப்புக்களைக் கெடுத்து, அதனாற் குருதியிற் சேரும் நச்சுப்பொருட்கள் மூளையை மயக்குதல். ஒரே நோயில் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டனவும் நிகழலாம்.

சின்னமுத்து மூளையிற் தங்குமாறு

மேலே கூறிய மாணவனின் நோயை மருத்துவர் எஸ்.எஸ்.பி.ஈ. எனச் சுருக்கி வழங்குவர். 1933 இல் அமெரிக்க மருத்துவர் டோசன் இதனை விவரித்தார். இறந்தவரின் மூளைக் கலங்களில் அவர் கண்ட அடையாளங்கள் வைரசினாலானவை போலத் தோன்றின. எவ்வைரசு என்பது அப்பொழுது தெரியவில்லை. 1960 களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உதவியால் ஐயம் சின்னமுத்தின்மேற் சென்றது. நோயாளரிடம் சின்னமுத்துக்கான பிறபொருளெதிரிகள் மிகுதியாயிருப்பதும் அறியப்பட்டது. 1969 இல் நோயாளரின் மூளை இழையத்திலிருந்து அவ்வைரசே பிரித்தெடுக்கப்பட்டது.

பிறபொருளெதிரி மிகுதியாயிருந்தும் வைரசு அழியாதது ஏன் என மாணவர் வினவலாம். மூளையிற் தங்கிய வைரசு தன் இயல்பு திரிந்துவிடுகிறது. முழுவடிவுற்றுக் கலத்தைவிட்டு வெளிப்படுவதற்குத் துணையான அதன் புரதமொன்று குறைபடுகிறது. ஆகவே, அது வெளியே வராது, ஒரு நரம்புக் கலத்திலிருந்து அடுத்த கலத்துக்கு உள்வழியே செல்கிறது. தெருவிற் காவலர் நின்றும், வீட்டுக்கு வீடு உட்கதவு வழியே செல்லுங் கள்வனை அவர் பிடிக்க மாட்டாதவாறு போல்வது இது.

நோய் பெரும்பாலும் சின்னமுத்து வந்து ஆறு முதல் பத்தாண்டுகளின் பின் வெளிப்படுகிறது. முதலிற் படிப்புக் குன்றலும் குணமாற்றமும் தோன்றும். பின்னர் உடல் வெட்டியிழுத்தலும் வலிப்பும் வரும். அதன்பின் உடல் விறைத்து, பேச்சொழிந்து, உணர்விழந்து, பலர் மூன்றாண்டுக்குள் இறப்பர். சில மருந்துகள் சிலரிடத்து நோயின் போக்கைத் தாமதிக்கச் செய்யினும், அதனை முற்றாக மாற்றும் மருந்து இல்லை.

இஃது அரிய நோயே. ஆயினும், இளங்குழந்தைப் பருவத்திற் சின்னமுத்து வந்தார்க்கு ஆபத்து மிகுதி. கலிபோர்னியாவில் 1998 முதல் 2015 வரை கண்டறியப்பட்ட நோயாளரை ஆராய்ந்தோர், ஐந்து வயதுக்கு முன் சின்னமுத்து வந்த பிள்ளைகளுள் ஏறக்குறைய 1,400 பேருக்கு ஒருவரும், ஒரு வயதுக்கு முன் வந்தவருள் ஏறக்குறைய 600 பேருக்கு ஒருவரும் இந்நோய்க்கு ஆளாயினர் எனக் கணித்தனர்.

வேறு சில வைரசுகள்

எயிட்சு நோய் 1981 இல் அறியப்பட்டது. அதற்குக் காரணமான எச்.ஐ.வி. வைரசை 1983 இல் பாரிசு பாஸ்தர் நிலையத்தார் கண்டறிந்தனர். இது நரம்புக் கலங்களைப் பற்றுவதில்லை. குருதியிலுள்ள வெண்கலங்களினுட் புகுந்து அவற்றோடு மூளையுட் சென்று, மூளையின் காவற் கலங்களிற் தங்குகிறது. அங்கே மூளும் அழற்சியினால் நரம்புக் கலங்கள் நலிகின்றன. நோயாளர்க்குச் சிந்தனை மந்தமாகும்; கவனம் சிதறும்; கையுங் காலும் விரைவிழக்கும். 1996 இற் கூட்டு மருந்துச் சிகிச்சை வழக்கிற்கு வந்தபின் கடும் அறிவிழப்பு அரிதாயிற்று. எனினும், மருந்துண்போர் சிலரிடத்து இலேசான குறைபாடு காணப்படுகிறது.

ஈரலழற்சி சீ வைரசு 1989 இல் இனங்காணப்பட்டது. அவ்வாராய்ச்சிக்காக அல்டர், ஹூட்டன், ரைஸ் என்னும் மூவர் 2020 இல் நோபல் பரிசு பெற்றனர். இந்நோயாளர் பலர், செங்கண்மாரி முதலிய குறிகள் யாதும் இல்லாதபோதே, மனம் பனிமூட்டத்துள் இருப்பதுபோல் உள்ளதென முறையிட்டு வந்தனர். ஈரல் பெரிதுங் கெடாதவரிடத்தும் மூளையின் வேதிப்பொருட்களில் வேறுபாடு இருத்தலை 2001 இல் இலண்டன் மருத்துவர் சிலர் காந்தப் பரிவு முறையாற் காட்டினர். அதுவரை மனக்கற்பனை என ஒதுக்கப்பட்ட முறைப்பாட்டுக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது. 2013 இன் பின் வந்த மாத்திரைகள், பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோரைக் குணமாக்குகின்றன. வைரசு நீங்கியபின் பலர்க்கு மனத்தெளிவும் மீளுகிறது.

முதியோரைப் பற்றியும் ஒன்று கூறலாம். கொப்புளிப்பான் வைரசு நோய் மாறியபின்பும் நரம்புகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக வெளிப்படும். வேல்ஸ் நாட்டில் 2013 இல் அக்கித் தடுப்பூசி வழங்கியபோது, 1933 செப்டெம்பர் 2 ஆந் தேதிக்கு முன் பிறந்தோர்க்கு அது கிடைக்கவில்லை. சில நாள் முன்பின்னாகப் பிறந்த இருசாராரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2025 இல் வெளியாயிற்று. ஊசி பெற்றோரிடத்து, ஏழாண்டுக் காலத்தில், மறதிநோய் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. அது குறைந்தவாறு எங்ஙனம் என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும்

படிப்பிற் பின்தங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூளைநோய் உண்டென எவரும் அஞ்ச வேண்டா. பார்வைக் குறை, செவிக் குறை, பசி, குருதிச்சோகை, உறக்கமின்மை, வீட்டுத் துயர் என்பனவே பெரும்பாலும் காரணமாகும். அவையுங்கூடக் குற்றங்களல்ல, கண்டு நீக்கத்தக்க குறைகளே.

ஆசிரியர் கருத வேண்டுவது ஒன்றுண்டு. ஒரு மாணவனை அவன் அயலிருக்கும் மாணவனோடு ஒப்பிடாது, சென்ற தவணையில் இருந்த அவனோடே ஒப்பிடுதல் வேண்டும். முன் அறிந்ததை அவன் இழக்கின்றானா? கையெழுத்து, நினைவு, குணம், நடை என்பன ஒருங்கே மாறுகின்றனவா? அம்மாற்றம் வாரக்கணக்கில் நீடிக்கின்றதா? ஆம் எனின், பிரம்பை நாடாது மருத்துவரை நாடுக. பிள்ளையின் தாய் கூறுஞ் சொல்லைச் சான்றாகக் கொள்க.

“மாற்ற முடியாத நோயை முன்னரே அறிந்து என்ன பயன்?” என்று யான் அம்மருத்துவ நண்பரைக் கேட்டேன். “மாற்றக்கூடிய நோய்கள் பலவும் இதே குறிகளோடு வரும், சேர். அதற்காக அறிய வேண்டும். மாற்ற முடியாததாயினும், பிள்ளை தன்னைக் குற்றவாளி என்று எண்ணிச் சாகாமலிருக்கவும் அறிய வேண்டும்” என்றார் அவர். அதற்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

எஸ்.எஸ்.பி.ஈ. நோயைத் தடுக்கும் வழி சின்னமுத்தைத் தடுத்தலே. அதற்கான தடுப்பூசி 1963 முதல் உலகில் உள்ளது. நம் நாட்டில் முதல் ஊசி ஒன்பதாம் மாதத்திற் போடப்படுகிறது. என் மாணவனுக்கு நோய் வந்ததோ எட்டாம் மாதத்தில். ஊசிபெறும் வயது வாராத குழந்தையைக் காப்பது யார்? அயலிலுள்ள பிள்ளைகள் யாவரும் ஊசி பெற்றிருத்தலே அக்குழந்தைக்கு அரண். சின்னமுத்து காற்று வழியே பரவுவது. நோயாளர் நீங்கிய அறையிலும் இரண்டு மணிநேரம் வரை வைரசு நிற்கும். ஆகவே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராயினும் காப்புப் பெற்றாலன்றி இவ்வரண் நில்லாது. 2019 இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடென உலகச் சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றது. ஆயினும் 2023 இல் நோய் மீண்டும் பரவிற்று. தன் பிள்ளைக்கு ஊசி தவறவிடும் தந்தை, தான் அறியாத ஒரு தொட்டிற் குழந்தையையும் ஆபத்துக்குள்ளாக்குகிறார்.

பழைய மாணவர்காள்! நீவிர் தந்தையராகவும், பாட்டனாராகவும், ஆசிரியராகவும், மருத்துவராகவும் விளங்குகின்றீர். நும் பிள்ளைகளின் ஊசி அட்டையை இன்றே எடுத்துப் பார்ப்பீராக. மாணவர்காள்! திடீரெனப் பின்தங்கிய தோழனை “மொக்கன்” என்று எள்ளாதீர். அவனைப் பற்றி ஆசிரியரிடங் கூறுமின். அம்மாணவனின் கொப்பியொன்று என்னிடம் இன்னும் உளது. புதிய வகுப்பொன்றை ஏற்கும் ஒவ்வோராண்டும் அதனை ஒருமுறை விரித்துப் பார்த்த பின்னரே யான் வகுப்பறையுட் செல்வது வழக்கம்.

விழாக் காணும் நம் கல்லூரி அன்னை, தன் மக்களின் அறிவையும் உடலையும் ஒருங்கே பேணி நீடு வாழ்க.