கடைவாயில் மெல்ல முடியாத முருங்கைக்காய்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தூக்கத்தில் மூச்சடைப்புக்காக, கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் வாய்க்கருவி நீ செய்து கொடுத்த ஆசிரியை எட்டு மாதம் கழித்து வந்து, "காலையில எழுந்தா பல்லு பல்லோட சேரமாட்டேங்குது டாக்டர்" என்றார். "போகப்போகச் சரியாயிடும்மா" என்று அனுப்பிவிட்டாய். சொன்னது சரிதானா என்று கேட்கிறாய். பாதி சரி. மீதிப் பாதியை உன்னோடு சேர்ந்து இந்த வேலைக்குப் புதிதாக வருகிற மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் சில வாரங்களில் எச்சில் ஒழுகும், அல்லது வாய் வறளும். முன்பற்கள் வலிக்கும். கன்னத் தசையும் காதோர மூட்டும் நோகும். இவை பெரும்பாலும் தணிந்துவிடும். எழுந்தவுடன் கடைவாய்ப்பல் சேராமல் முன்பல் மட்டும் இடிப்பதும் தொடக்கத்தில் சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது. உன் பதில் அதுவரைக்கும்தான் செல்லும்.

கல்லூரியில் ட்வின் பிளாக் செய்திருப்பாய். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கியது. கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதை மாட்டினால் மேல் முன்பல் உள்ளே சாயும், கீழ் முன்பல் வெளியே சாயும் என்று தேர்வில் எழுதியிருப்பாய். நீ இப்போது நாற்பது ஐம்பது வயதுக்காரருக்குக் கொடுக்கிற கருவியும் அதே குடும்பம்தான். முன்னே இழுத்து வைத்த தாடையைத் தசைகள் இரவெல்லாம் பின்னே இழுக்கின்றன. அந்த விசையைத் தாங்குவது பற்கள். அங்கே சிகிச்சை என்று பெயர் பெற்ற அதே நகர்வுக்கு இங்கே பக்கவிளைவு என்று பெயர். பிள்ளைக்கு ஓரிரு ஆண்டில் கழற்றிவிடுகிறோம். இவர்கள் ஆயுள் முழுக்கப் போட வேண்டியிருக்கிறது.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாகப் பதினோரு ஆண்டு அணிந்தவர்களுக்கு மேல் முன்பல் கீழ்ப்பல்லை மூடும் அளவு 2.3 மில்லிமீட்டரும், முன்துருத்தல் 1.9 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன. ஓரிடத்தில் நின்றுவிடும் நகர்வாகவும் அது தெரியவில்லை. இரண்டு மில்லிமீட்டர் என்றால் சிலருக்கு முன்பற்கள் முனைக்கு முனை நிற்கும், சிலருக்குக் கடி தலைகீழாகும். மேல்பல் தூக்கலாக இருந்தவருக்கோ அதுவே அழகாகிவிடுவதும் உண்டு.

என்னிடம் ஒரு லாரி ஓட்டுநர் ஏழு ஆண்டு இந்தக் கருவியை அணிந்தார். 'கிளிப்பு' என்றுதான் சொல்வார். ஒருநாள் வந்து, "முருங்கைக்காய் சக்கையைக் கடைவாயில மெல்ல முடியல சார், ரொம்ப நாளாவே இப்படித்தான்" என்றார். பார்த்தால் இரண்டு பக்கமும் கடைவாய்ப்பற்களுக்கு இடையே தாள் தாராளமாய் நுழைந்தது. இப்படி ஆகலாம் என்று நான் அவரிடம் முதலில் சொல்லவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தொடக்க நாளில் எடுத்த பல் மாடலும் என்னிடம் இல்லை. கருவி வேலை செய்த மகிழ்ச்சியில், வந்தபோதெல்லாம் குறட்டையைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால் அளவெடுக்கும் நாளிலேயே ஒரு செட் மாடலோ ஸ்கேனோ எடுத்து வை. முன்பக்கமும் இரு பக்கமும் புகைப்படம் எடு. "கடி மாறலாம், கழற்றினாலும் முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம்" என்று அவர் மொழியில் சொல்லி, எழுதிக் கையெழுத்து வாங்கு. ஈறு தளர்ந்து பல் ஆடுகிறவருக்குக் கருவி செய்ய அவசரப்படாதே, முதலில் ஈறைப் பார். தாடையை ஒரேயடியாக முன்தள்ளாதே. பாதித் தூரத்தில் தொடங்கி, மெல்ல மெல்லத் திருகி, மூச்சு சீராகும் இடத்தில் நிறுத்து. அது சீராகிவிட்டதா என்பதைக் கருவியோடு எடுக்கும் தூக்கப் பரிசோதனைதான் சொல்லும், மனைவி சொல்லும் குறட்டைக் கணக்கு போதாது. காலையில் சில நிமிடம் கடித்துப் பழைய கடிக்குத் திரும்ப, வழக்கமான கடியில் செய்த சிறு பிளாஸ்டிக் தகடு ஒன்றும் கூடவே கொடு. பிறகு ஆண்டுதோறும் வரச் சொல்லி, பழைய மாடலை எடுத்து வைத்துப் பார். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திராதே. கடி மாறியது பலருக்குத் தெரிவதே இல்லை.

மாறிவிட்டது என்று தெரிந்ததும் பல்லைத் தேய்த்தோ கிரவுன் போட்டோ சேர்த்துவிடத் தோன்றும். வேண்டாம். கருவி தொடர்ந்தால் பல்லும் நகர்ந்துகொண்டே இருக்கும். நீ தேய்த்தது திரும்பி வராது. கருவியைப் பட்டென்று நிறுத்தச் சொல்வதும் தவறு. அன்றிரவே மூச்சடைப்பு திரும்பிவிடும். ஓட்டுநரை நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினேன். முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபாப் இயந்திரத்தை வீட்டில் இருக்கும் நாட்களில் போடுகிறார். வண்டியில் தூங்கும் இரவுகளுக்குக் கிளிப்பையே கேட்டார். "ஸ்டியரிங்ல கண்ணு சொக்காம இருந்தா போதும் சார்" என்றார். முன்தள்ளும் அளவைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன், மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு. முடிவு அவருடையது. எல்லாம் தெரிந்து எடுத்த முடிவு.

ஆசிரியைக்கு நீயே போன் செய். கருவியை இன்னும் போடுகிறாரா என்று முதலில் கேள். நிறுத்தியிருந்தால் தூக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டு வரச் சொல். வரும்போது எட்டு மாதத்துக்கு முந்தைய மாடலையும் புதிதாக எடுத்ததையும் அவர் கையிலேயே கொடு. எடுத்து வைத்திருக்கிறாய்தானே?

அன்புடன்,
உன் அண்ணன்