கழுகுக்கு மறுபிறவி கொடுத்தது யார்?

நாற்பது வயதானதும் கழுகு மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைக்குமாம். நகங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, 150 நாள் காத்திருந்து புதுப்பிறவி எடுக்குமாம். வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் இந்தக் கதைக்கு, பல நேரம் அமெரிக்காவின் வெண்தலைக் கழுகின் படத்தைத்தான் ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கழுகினம் அழியும் நிலைக்குப் போய் மீண்டது உண்மை. மீண்ட விதம்தான் வேறு.

நம்பிக்கை: அலகை உடைத்துக்கொண்டால் இன்னும் முப்பது ஆண்டு வாழும்.
உண்மை: அலகும் நகமும் நம் விரல் நகம் போலத் தேயத் தேய வளர்பவை. அலகில்லாமல் ஐந்து மாதம் இருந்தால் கழுகு பட்டினியில் செத்துப்போகும். காட்டில் வாழ்ந்த வெண்தலைக் கழுகுகளில் பதிவான மிக அதிக வயதே 38. அந்தப் பறவை 2015இல் நியூயார்க் மாநிலத்தில் வாகனம் மோதி இறந்தது.

நம்பிக்கை: தாய்க்கழுகு கூட்டின் மெத்தையைக் கலைத்து, முள் குத்தவைத்து, குஞ்சைக் கீழே தள்ளிப் பறக்கக் கற்றுக்கொடுக்கும்.
உண்மை: கூட்டைக் கலைப்பதில்லை, கட்டிக்கொண்டே போகின்றன. ஆணும் பெண்ணும் ஆண்டுதோறும் அதே கூட்டில் புதுச் சுள்ளிகளை அடுக்கி, நடுவில் புல்லும் பாசியும் பரப்புகின்றன. புளோரிடாவில் அப்படி வளர்ந்த ஒரு கூடு ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் ஆழமும் இருந்தது. இரண்டும் மாறிமாறி அமர்ந்து சுமார் 35 நாள் அடைகாக்கின்றன. குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்து, கிளைக்குக் கிளை தாவிப் பழகி, 10 முதல் 12 வாரத்தில் தாமாகவே பறக்கின்றன. அதற்குப் பிறகும் சில வாரம் பெற்றோர் இரை கொடுக்கும்.

நம்பிக்கை: டி.டி.டி. பூச்சிமருந்து கழுகுகளை நேரடியாகக் கொன்று குவித்தது.
உண்மை: அடி விழுந்தது முட்டையில். தெளித்த மருந்து நீரில் கலந்து, மீன் வழியே கழுகின் உடலில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் பறவையின் பாரத்திலேயே நொறுங்கியது. அலாஸ்கா நீங்கலான அமெரிக்கப் பெருநிலத்தில் 1963இல் கணக்கில் வந்தவை 417 இணைகளே.

நம்பிக்கை: மருந்தைத் தடை செய்ததும் தானாகப் பெருகிவிட்டன.
உண்மை: 1972இல் வந்த தடை இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் நியூயார்க்கில் எஞ்சியிருந்தது ஒரே ஓர் இணை. அதனால் 1976 முதல் வேறு மாநிலங்களிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, உயர்ந்த மேடைகளில் மனிதர் கண்ணில் படாமல் இரை வைத்து வளர்த்துப் பறக்கவிட்டார்கள். 38 வயது வாழ்ந்த அந்தக் கழுகும் 1977இல் மின்னசோட்டாவிலிருந்து அப்படி வந்த குஞ்சுதான். 2021இல் வெளியான அரசுக் கணக்கெடுப்பின்படி பெருநிலத்தில் சுமார் 71,400 இணைகள்.

நம்பிக்கை: இனி ஆபத்தில்லை.
உண்மை: வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் விலங்குக் கழிவில் ஈயத் தோட்டாவின் துணுக்குகள் இருக்கின்றன. அதைத் தின்பதால், 2022இல் வெளியான ஆய்வில் சோதித்த கழுகுகளில் ஏறக்குறைய பாதிக்கு நாள்பட்ட ஈய நஞ்சேற்றம் தெரிந்தது. ஈயத்துக்குப் பதில் செம்புத் தோட்டா கடையிலேயே கிடைக்கிறது.