முட்டைக் கோழிகளில் கால் மூட்டு வீக்கம்

பழுப்பு முட்டையிடும் கோழிகள் நொண்டி, கால் மூட்டு வீங்கினால் அமிலாய்டு நோயாக இருக்கலாம். என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் பாக்டீரியா மூட்டில் தங்கினால் அழற்சி நீடிக்கும். அப்போது ஈரல் ஒருவகைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அது கரையாத நார்களாக மாறி, மூட்டில் ஆரஞ்சு நிறத்தில் படிகிறது. ஈரல், மண்ணீரலிலும் படிவதுண்டு. வெள்ளை முட்டைக் கோழிகளில் இந்நோய் குறைவு.

பொரிப்பகத்தில் மாரெக்ஸ் தடுப்பூசி மருந்து அசுத்தமானால், ஒரே ஊசி வழியே பல குஞ்சுகளுக்குக் கிருமி பரவலாம்.

படிந்த புரதத்தை மருந்தால் அகற்ற முடியாது. எனவே வருமுன் காப்பதே வழி. தடுப்பூசி மருந்தைச் சுத்தமாகக் கலந்து, ஊசியை அடிக்கடி மாற்றவும். நொண்டும் கோழிகளைப் பிரித்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டவும். நொண்டலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆதலால் பரிசோதித்த பின்னரே கோழிகளைக் கழிக்கவும்.