துவிச்சக்கர வண்டியின் சில்லும் ரயரும்: அளவுப் பொருத்தம்

மவுண்டன் சைக்கிள் எனப்படும் மலைத்துவிச்சக்கர வண்டிக்கு வேறு அளவான சில்லைப் பூட்டலாமா? இவ்வினாவுக்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல்லில் விடை எழுத முடியாது. எந்த அளவை எந்த அளவுடன் ஒப்பிட வேண்டும் என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். மாணவர் பலர் தவறு விடுவதும் இங்கேதான்.

ரயரின் பக்கச் சுவரில் 26 × 1.95 என எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 26 என்பது காற்றடித்த ரயரின் அண்ணளவான வெளிவிட்டம். 1.95 என்பது அதன் அகலம். இரண்டும் அங்குலத்தில் தரப்பட்டவை. ஆனால் ரயரின் ஓரக்கம்பி றிம்மில் அமரும் இடத்தின் விட்டம் இவ்விலக்கங்களில் இல்லை. ரயர் றிம்மில் ஏறுமா, நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்த விட்டமே. அதனை அறிய, அதே பக்கச் சுவரில் சிறிதாக உள்ள 50-559 போன்ற இலக்கங்களைத் தேடுங்கள். இது சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 5775 இன்படி எழுதப்படுவது. 50 என்பது மி.மீ. இல் அகலம்; 559 என்பது மி.மீ. இல் அமரும் விட்டம்.

இப்போது 26 × 1⅜ என்னும் ரயரைக் கவனியுங்கள். இது சாதாரண வீதி வண்டிகளுக்கான ரயர். இதன் அமரும் விட்டம் 590 மி.மீ. 26 × 1½ எனில் 584 மி.மீ. மூன்றும் "26" தான். ஆனால் ஒன்று மற்றதன் றிம்முக்குப் பொருந்தாது. கணித பாடத்தில் 1⅜ உம் 1.375 உம் சமன். ரயரில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பின்னமாக எழுதப்பட்டதும் தசமமாக எழுதப்பட்டதும் பெரும்பாலும் வெவ்வேறு றிம்களுக்கானவை. 590 ரயரை 584 றிம்மில் ஏற்றினால் அது இலகுவாக ஏறிவிடும். ஆபத்தும் அதிலேயே உள்ளது. காற்றடிக்கும்போதோ ஓடும்போதோ ஓரக்கம்பி றிம்மை விட்டு வெளியேற, ரியூப் வெடிக்கும். அது முன்சில்லானால் ஓட்டுநர் விழுவது நிச்சயம் எனலாம்.

மலைத்துவிச்சக்கர வண்டிக்கு 559 வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் பகுதியின் மலைப்பாதைகளில் இறங்கி ஓடிய இளைஞர்கள் பழைய தடித்த ரயர் வண்டிகளையே பயன்படுத்தினர். அவற்றின் சில்லு அளவே புதிய வண்டிகளுக்கும் வழக்காயிற்று. பின்னர் 29 அங்குலம் என்ற பெயரில் 622 மி.மீ. உம், 27.5 அங்குலம் என்ற பெயரில் 584 மி.மீ. உம் பரவின. இவை புதிய றிம் அளவுகள் அல்ல. 29 என்பது 700சி எனப்படும் வீதி வண்டிச் சில்லின் அதே விட்டம், 27.5 என்பது மேலே கண்ட 26 × 1½ இன் விட்டம்.

சரி, 559 சில்லுள்ள வண்டிக்கு 584 சில்லைப் பூட்டினால் என்ன நிகழும்? விட்ட வித்தியாசம் 25 மி.மீ. ஆகவே றிம் 12.5 மி.மீ. வெளியே நகரும். றிம்மை இறுகப் பிடிக்கும் வகைப் பிறேக்காயின் பிறேக் கட்டைகள் றிம்மின் சரியான இடத்தில் படமாட்டா. கட்டையை நகர்த்தும் துவாரத்தில் இவ்வளவு இடம் பொதுவாக இராது. டிஸ்க் பிறேக்காயின் இப்பிரச்சினை இல்லை; ஏனெனில் அது சில்லின் நடுவிலுள்ள தட்டையே பிடிக்கின்றது. எனினும் ரயருக்கும் முன்கவைக்கும் சட்டகத்துக்கும் இடையே வெளி வேண்டும். எப்பக்கத்திலும் குறைந்தது 6 மி.மீ. விடுங்கள். சேறு ஒட்டும், சில்லும் சற்று நெளியும். சில்லு குடத்தின் அகலமும் கவைக்குப் பொருந்துகிறதா என அளந்து பார்க்க வேண்டும்.

றிம்மை மாற்றாமல் ரயரின் அகலத்தை மட்டும் மாற்றுவதே இலகுவான வழி. 559 றிம்மில் 1.5 அங்குல ரயர் வீதிக்கும், 2.1 அங்குல ரயர் மண்பாதைக்கும் ஏற்றவை. ஆனால் காற்றமுக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். ரயர்ச் சுவரின் இழுவை, அமுக்கத்தையும் ரயர்க் குழாயின் ஆரையையும் பெருக்கி வருவது. அமுக்கம் மாறாதிருக்க அகலம் இரு மடங்கானால் இழுவையும் இரு மடங்காகும். தடித்த ரயருக்குக் குறைந்த அமுக்கம் போதும் என்பதன் காரணம் இதுவே. "காரணம் தருக" என்னும் வினாவுக்கு "மெதுவாக ஓடுவதால்" என எழுதாதீர்கள்.

மாதிரி வினா: 54-559 ரயர் பூட்டிய வண்டியொன்றின் முன் பற்சில்லில் 32 பற்களும் பின் பற்சில்லில் 16 பற்களும் உள்ளன. டிஸ்க் பிறேக்கும் போதிய இடைவெளியும் உள்ள இவ்வண்டிக்கு 54-622 ரயருடன் கூடிய சில்லுகள் பூட்டப்படுகின்றன. மிதி ஒருமுறை சுற்றும்போது வண்டி செல்லும் தூரம் எவ்வாறு மாறும்? ரயரின் உயரம் அதன் அகலத்துக்குச் சமன் எனக் கொள்க.

விடை: முதற் சில்லின் வெளிவிட்டம் 559 + (2 × 54) = 667 மி.மீ. பரிதி 667 × 22/7, அதாவது ஏறக்குறைய 2096 மி.மீ. மிதி ஒருமுறை சுற்ற, பின்சில்லு 32 ÷ 16 = 2 முறை சுற்றும். தூரம் 4.19 மீற்றர். இரண்டாம் சில்லின் வெளிவிட்டம் 730 மி.மீ., பரிதி ஏறக்குறைய 2294 மி.மீ., தூரம் 4.59 மீற்றர். அதிகரிப்பு 0.40 மீற்றர், அதாவது ஏறத்தாழ 9 சதவீதம்.

தூரம் கூடியதை நன்மை என மட்டும் எழுதினால் விடை பூரணமாகாது. அதே ஏற்றத்தில் மிதிக்க வேண்டிய விசையும் அதே விகிதத்தில் கூடும். இதனை ஈடுசெய்ய 18 பற்களுள்ள பின் பற்சில்லைப் பூட்டலாம். அப்போது தூரம் 4.08 மீற்றராகி, வண்டி முன்னையதிலும் சற்று இலகுவாக ஏறும். மேலும் வண்டி முழுவதும் 31.5 மி.மீ. உயர்வதால், இருக்கையிலிருந்தபடி காலை நிலத்தில் ஊன்ற முடிகிறதா என்பதையும் ஓட்டுநர் பார்த்துக்கொள்ள வேண்டும்.